தமிழ் எழுத்துப் பிரிக்கும் பைதான் லைப்ரரி: டெஸ்ட் எழுதியும் பிழை மாட்டவில்லை

கேள்வி:

வணக்கம். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் சின்ன லைப்ரரி ஒன்றைப் பைதானில் எழுதி வைத்திருக்கிறேன், 600 வரிதான் இருக்கும். போன வாரம் வேகம் கூட்டலாம் என்று ஒரு ஃபங்ஷனைத் திருத்தினேன். அதை வைத்து அசை பிரித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு எல்லாம் தப்பாக வர ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தன் கோடில்தான் தவறு என்று தேடியிருக்கிறார், கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. உடனே உட்கார்ந்து, கோடைச் சோதிக்கும் பைடெஸ்ட் என்ற கருவியில் 40 டெஸ்ட் எழுதினேன். எல்லாம் பாஸ். சந்தேகம் வந்து, மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனிக்கும் வரியையே எடுத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் எல்லாம் பாஸ்! எங்கே தப்பு செய்கிறேன்? உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனியாக எழுத வேண்டுமா?

பதில் 1:

வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். வரவேண்டிய விடையையும் அதே லைப்ரரியை ஓட்டித்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கோட் கெட்டால் விடையும் கூடவே கெடும், இரண்டும் ஒத்துத்தான் போகும். விடையைக் கையால் எழுதுங்கள். 'தமிழ்' என்றால் த, மி, ழ், மூன்று எழுத்து. நீளத்தை எண்ணும் பைதானின் லென் 5 என்று சொல்லும், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். இந்த ஒரு சொல்லைக் கையால் எழுதியிருந்தாலே புள்ளி வரியை எடுத்ததும் டெஸ்ட் விழுந்திருக்கும்.

உள் ஃபங்ஷன்களுக்கு வேண்டாம், பயன்படுத்துகிறவர் கூப்பிடுவதற்கு மட்டும் எழுதினால் போதும். உள்ளே இருப்பதை நாளைக்கு நீங்களே கலைத்துப் போடுவீர்கள். முதல் டெஸ்ட், அவருக்கு உடைந்த அதே சொல். அது ஃபெயில் ஆவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் திருத்துங்கள்.

பதில் 2:

அந்தச் சொல்லில் ஒகரம் ஏதாவது இருந்ததா? எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாக வரும்: க-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். யூனிகோடின் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், ஒன்றாகிவிடும். டெஸ்ட் கோப்பில் இரண்டாவது வடிவத்தை நேரடியாகத் தட்டாமல் எஸ்கேப் எண்களாக (எழுத்துக்குப் பதில் அதன் யூனிகோட் எண்) எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது எந்த வடிவம் என்று உங்களுக்கே தெரியாது.

ஔகாரம் இன்னும் மோசம். 'கௌ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் பலர் கெ அடித்துப் பக்கத்தில் ள அடித்துவிடுகிறார்கள். அந்த ள தனி எழுத்து, நார்மலைஸ் செய்தாலும் சேராது. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா, 'க்ஷ' ஒன்றா இரண்டா என்பதெல்லாம் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. எடுத்த முடிவை டெஸ்டாக எழுதிவிட்டால் பிறகு யாரும் தெரியாமல் மாற்ற முடியாது.

பதில் 3:

கையால் எழுதுவது நமக்குத் தோன்றும் சொற்களோடு நின்றுவிடும். டெஸ்டுக்கான உள்ளீடுகளைத் தானே உருவாக்கித் தரும் ஹைப்போதிசிஸ் லைப்ரரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் யூனிகோட் பகுதியிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, 'பிரித்ததை மறுபடி ஒட்டினால் முதலில் கொடுத்ததே வர வேண்டும்' என்று ஒரே ஒரு விதி எழுதுங்கள், கண்டபடி கலந்து அனுப்பும், விழுந்தால் விழவைத்த சரத்தை (எழுத்துத் தொடரை) முடிந்தவரை சின்னதாக்கிக் காட்டும். உள்ளே நார்மலைஸ் செய்கிறீர்கள் என்றால் நார்மலைஸ் செய்த சரத்தோடு ஒப்பிட வேண்டும், மறந்தால் வீணாகக் குழம்புவீர்கள்.

கவரேஜ் சதவீதத்தை, அதாவது டெஸ்டில் கோடின் எவ்வளவு பங்கு ஓடியது என்ற கணக்கை, துரத்த வேண்டாம். வரி ஓடியது என்றுதான் அது சொல்லும், சரியாக ஓடியதா என்று சொல்லாது. உங்கள் 40 டெஸ்டுக்கும் கவரேஜ் நன்றாகவே வந்திருக்கும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. உடைந்த சொல் 'கொடி'. அவர் கோப்பில் கொம்பும் கால்குறியும் தனித்தனியாக இருந்திருக்கின்றன, வேகத்துக்காக நான் எடுத்துப் போட்டதும் அந்த நார்மலைஸ் வரியைத்தான். திரும்பச் சேர்த்துவிட்டேன். ஹைப்போதிசிஸ் ஓட்டிய முதல் நிமிடத்திலேயே வெறும் புள்ளி ஒன்றை மட்டும் கொடுத்து லைப்ரரியை விழவைத்தது, முன்னால் எழுத்தே இல்லாமல் புள்ளி வரும் என்று நான் யோசித்ததே இல்லை. பழைய 40-ஐயும் அழித்துவிட்டு, கையால் விடை எழுதிய 12 மட்டும் வைத்திருக்கிறேன். 'க்ஷ' இனி ஒரே எழுத்து. அசை பிரிக்கும் நண்பருக்கும் எழுதிவிட்டேன், அவர் தன்னிடம் இருக்கும் சொற்பட்டியலை அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.