நியாவ் எழுத்தின் நான்கு புள்ளிகள் கொக்கிக்குள் அடங்கவில்லை

கேள்வி:
சீனத் தூரிகை எழுத்தில், கையிஷு என்ற சீரான எழுத்துப் பாணியில், பறவையைக் குறிக்கும் உறுப்பான (பல எழுத்துகளுக்குள் பகுதியாக வரும் வடிவம்) 'நியாவ்' பழகுகிறேன். அடியிலுள்ள நான்கு புள்ளிகளும் வெளியே பிதுங்குகின்றன. வாத்தைக் குறிக்கும் 'யா' எழுத்தில் அது வலப்பக்கம் ஒடுங்கி வரும்போது இன்னும் மோசம். என்ன தவறு?

பதில் 1:
பெரும்பாலும் தவறு மேலே இருக்கும், புள்ளியில் அல்ல. மொத்தம் 11 கோடுகள். தலைப்பெட்டி முதல் ஐந்தில் முடிகிறது. அது பாதி உயரத்தைத் தாண்டினால் கீழே இடமே மிஞ்சாது. ஆறாவது கிடைக்கோடுதான் நீளமானது. ஏழாவது வளைந்து இறங்கும்போது சற்றே உள்நோக்கிச் சாய்ந்து கொக்கியாக முடியட்டும். அதன் பிறகே புள்ளிகள்: முதலாவது இடப்பக்கம் சாயும், மற்ற மூன்றும் வலப்பக்கம். நெருப்பு உறுப்பைப் போல அகல விரிக்காதீர்கள். வலப்பக்கம் வரும்போது அகலத்தை மட்டும் குறையுங்கள், உயரத்தை அல்ல.

பதில் 2:
மையையும் பாருங்கள். பதப்படுத்தாத ஷுவான் தாளில் (தூரிகை எழுத்துக்கான சீனத் தாள்) நீர்த்த மை பரவி, நான்கு புள்ளியும் ஒரே கறையாகிவிடும். ஏழாவது கோடு முடிந்ததும் தூரிகை நுனியை மைக்கல் விளிம்பில் இழுத்துக் கூராக்குங்கள்.
பெட்டிக்குள் இருக்கும் சிறு கோட்டை விடவே கூடாது. விட்டால் 10 கோடுகளோடு அது 'ஊ', அதாவது காகம்!

பதில் 3:
எட்டுக் கோடுள்ள 'ஜுவெய்' உறுப்பும் பறவைதான். ஷூ ஷென் தொகுத்த ஷுவோவென் அகராதி அதைக் குட்டைவால் பறவை என்கிறது. ஆனால் கோழி எழுத்து இரண்டு உறுப்பிலும் உண்டு. ஆகவே வாலை நம்பி உறுப்பைத் தேடாதீர்கள். கொக்கைக் குறிக்கும் 'ஹெ' எழுத்தில் இரண்டும் அருகருகே நிற்கும். பழக அருமையான எழுத்து அது.