எண்ணெய்ப் புட்டியில் உள்ள 40: தரமா, பதமா?

செந்தூலிலிருந்து, ஞாயிறு வகுப்பு நடத்துபவர்

அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் வகுப்பு நடத்துவது இங்கே பலருக்குத் தெரியும். பழைய வண்டிக்கு எந்த இன்ஜின் எண்ணெய் ஊற்றுவது என்று நான்கு பக்கக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

போன கையேட்டில் எஸ்ஏஇ எண் (புட்டியில் உள்ள 10டபிள்யூ-40 போன்றது), ஏபிஐ எழுத்து (எஸ்என், எஸ்பி போன்றது) இரண்டையுமே 'தரம்' என்று எழுதிவிட்டேன். 'உயர்ந்த தரமுள்ள எண்ணெய் வாங்கவும்' என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த ஒரு பையன் அப்பாவின் பழைய ஹோண்டா இஎக்ஸ்5-க்குக் கார் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டான். 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி, எரிபொருள் சிக்கனம் என்று பொறித்த புட்டி. எழுத்தை வைத்துப் பார்த்தால் அதுதான் கடையிலேயே உயர்ந்தது. அப்புறம் மேட்டில் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. இஎக்ஸ்5-இல் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் ஓடுகின்றன. எரிபொருள் மிச்சமாவதற்காகக் கார் எண்ணெயில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பி கிளட்ச் தட்டுகளையும் வழுக்கவைத்துவிடும். பையன்மேல் தவறே இல்லை. நான் எழுதிய சொல்தான் அவனைத் தவறான புட்டிக்குக் கொண்டுபோனது.

புட்டியில் மூன்று விதக் குறிகள் இருக்கின்றன. 10டபிள்யூ-40 என்பது எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. எஸ்எஃப், எஸ்என், எஸ்பி என்பவை தேய்மானத்தையும் கசடையும் எப்படித் தடுக்கும் என்பதை. ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்பவை எண்ணெயில் நனையும் கிளட்ச் வழுக்காமல் பிடிக்குமா என்பதை. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ஏபிஐ எழுத்துக்குத் 'தரம்' இருக்கட்டும். ஜாசோவுக்குப் 'பிடிமானம்' என்று வைத்திருக்கிறேன். எஸ்ஏஇ எண்ணுக்கு என்ன? 'பாகுநிலை எண்' போதுமா? மல்ட்டிகிரேட் (10டபிள்யூ-40 போல இரண்டு எண் உள்ளது), சிங்கிள் கிரேட் (40 என்று ஒரே எண் உள்ளது), நடுவில் வரும் அந்த 'டபிள்யூ' ஆகியவற்றுக்கும் சொல் தாருங்கள்.

கிள்ளானிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, பாகுநிலை தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. அதற்கே பிசுக்குமை என்பது இலங்கை வழக்கு. பிசுக்கு என்றால் தலையில் ஏறும் எண்ணெய் அழுக்கு. ஒட்டுவது வேறு, ஓட மறுப்பது வேறு. ஆகவே பாகுதான் சரியான வேர். ஆனால் பாகுவைப் பிடித்தவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். பாகுக்கு அளவு சொல்லும் சொல் நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறதே! அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு துளியை வைத்து இழுத்து, கம்பிப் பதம் என்கிறோம். தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து உருட்டுப் பதம் என்கிறோம். ஒரு நீர்மம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பெயர் வைத்த முறை அது. எஸ்ஏஇ எண் செய்வதும் அதைத்தான்.

எனவே 40 என்பது பதம் 40. சிங்கிள் கிரேட் ஒருபத எண்ணெய். மல்ட்டிகிரேட் இருபத எண்ணெய்.

பதம் வடசொல் என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அடி, சொல் என்ற பொருள்களில் வரும் பதம் வடமொழி வழி வந்தது. பக்குவம், செவ்வி என்ற பொருளில் வருவதை நான் வேறாகவே கொள்கிறேன். 'எண்பதத்தான் ஓரா முறைசெய்யா மன்னவன் தண்பதத்தான் தானே கெடும்' என்பது 548ஆம் குறள். அதில் வரும் தண்பதம் என்ற வடிவத்தைப் பாருங்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. குளிரில் எண்ணெய்க்கு உள்ள பதம் தண்பதம், சூட்டில் உள்ள பதம் வெம்பதம். 10டபிள்யூ-40 என்றால் தண்பதம் 10, வெம்பதம் 40. இதைவிடச் செறிவாக வேறு எந்த மொழியில் சொல்ல முடியும்?

பிறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

ஐயா, பதத்துக்கு முன் எண்ணெயைத் தீர்க்க வேண்டாமா? எள் + நெய் = எண்ணெய். எள்ளுக்கும் இன்ஜினுக்கும் என்ன தொடர்பு? 'பொறி உயவுநெய்' என்று எழுதுங்கள். கிளட்சைக் 'கவ்வி' ஆக்குங்கள். வடசொல்லுக்கே வடவெழுத்தை ஒரீஇ, அதாவது விலக்கி, வரச் சொன்னது தொல்காப்பியம். நாம் ஆங்கிலச் சொல்லை அப்படியே அள்ளி வைத்துக்கொள்கிறோம். இப்போது விட்டால் எப்போதும் விட்டதுதான்.

கிள்ளானிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்று சொல்லத் தொடங்கிய நாளிலேயே எள் அந்தச் சொல்லிலிருந்து கழன்றுவிட்டது. உயவு பற்றி ஒன்று: சங்கப் பாட்டில் உயவு என்றால் வருத்தம். வருத்தம் எப்படி வழுவழுப்பு ஆனது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜார்ஜ் டவுனிலிருந்து, வேதியியல் ஆசிரியை

ஐயா மன்னிக்க வேண்டும், 'பதம்' எனக்கு ஒப்பில்லை. காரணம் இலக்கணம் அல்ல, அடுப்பு. பாகைக் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றிப் பதம் ஏறுகிறது. எண்ணெய் சூடாகச் சூடாக இளகுகிறது. 'தண்பதம் 10, வெம்பதம் 40' என்று படிக்கும் பையன், குளிரில் 10 ஆக இருந்த எண்ணெய் சூட்டில் 40 ஆகக் கெட்டிப்படுகிறது என்றுதான் நினைப்பான். இப்போதே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 10டபிள்யூ-40 எண்ணெயும் சூட்டில் இளகத்தான் செய்யும். அதில் கலந்த பாலிமர், அது ஒரேயடியாக இளகிவிடாமல் தாங்குகிறது, அவ்வளவுதான். முன்னால் உள்ள எண்ணும் பின்னால் உள்ள எண்ணும் ஒரே அளவுகோலில் இல்லை. 10டபிள்யூவுக்கு இன்ஜின் சுழல எவ்வளவு சிரமப்படும் என்பதைச் சுழியத்துக்குக் கீழே 25 டிகிரியில் சோதிக்கிறார்கள். 40 என்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுநிலையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது. இரண்டையும் 'பதம்' என்று ஒரே சொல்லால் கட்டினால், ஒப்பிடக் கூடாததை ஒப்பிடச் சொல்வதாகும்.

அந்தக் குறளில் தண்பதம் என்றால் தாழ்ந்த நிலை. அரசன் கெடும் நிலைக்கு வைத்த பெயரை எண்ணெய்க்கு வைக்க வேண்டுமா? கோலாலம்பூரில் விடியற்காலையிலும் 23, 24 டிகிரி இருக்கும். 20டபிள்யூவைச் சோதிப்பதே சுழியத்துக்குக் கீழே 15 டிகிரியில். நம் ஊரில் முன் எண்ணால் பெரிய வேறுபாடு வராது என்று ஒரு வரி எழுதிவிட்டு, டபிள்யூவை டபிள்யூவாகவே விடலாம். என் தேர்வு 'பாகுநிலை எண்'.

செந்தூலிலிருந்து, பட்டறை வைத்திருப்பவர்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஃபோர்மன், அதாவது மெக்கானிக், தமிழ் படித்தவன் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் 'மின்யாக் ஹீத்தாம் மாத்தணும் அண்ணே' என்றுதான் கேட்கிறார்கள். மலாயில் கறுப்பெண்ணெய் என்று பொருள், இன்ஜின் எண்ணெயைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். புது எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கிறது என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. எண் சின்னதானால் 'தண்ணியா இருக்கு', பெரிதானால் 'கெட்டி'. நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் 'கெட்டி' என்று போடுங்கள்.

இன்னொன்று, இந்தப் பையன்கள் பிறகு மலாயில் திறன் தேர்வு எழுதப் போகிறார்கள். அங்கே இந்தக் கெட்டிக்குக் 'கெலிக்காத்தான்' என்று வரும். அதைத் தெரியாமல் அனுப்பினால் நம் தமிழ் அவர்களுக்குத் தடையாகத்தான் தெரியும்.

பழைய வண்டிக்கு 40-க்குப் பதில் 50 போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இன்ஜின் கொஞ்சம் தேய்ந்து எண்ணெய் குறைகிறது என்றால் 20டபிள்யூ-50 கொஞ்ச நாள் உதவும். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் ரிங் அல்லது வால்வு சீல் போய்விட்டது, அதை எந்த எண்ணெயும் திருத்தாது. இஎக்ஸ்5-இல் காகித வடிகட்டி கிடையாது. சல்லடையும், சுழற்சியில் கசடைப் பிரிக்கும் தட்டும்தான். பிடிக்கும் எண்ணெயோ ஒரு லிட்டர்கூட இல்லை. அதோடு, கியர் பற்கள் அதே எண்ணெயில் உள்ள பாலிமரை அரைத்து அரைத்துத் துண்டாக்கும். 40 போகப் போக இளைத்துவிடும். எந்த எண் என்பதோடு எப்போது மாற்றுவது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள் தம்பி. ஆர்எக்ஸ்இசட் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எரியும் எண்ணெய் தனி, கியர் எண்ணெய் தனி. அதைக் கையேட்டில் விட்டுவிடாதீர்கள்.

கிள்ளானிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வேதியியல் அம்மாவின் மறுப்பை இரண்டு நாள் யோசித்தேன். காய்ச்சுவதையும் சூடாக்குவதையும் பிரித்துப் பாருங்கள். பாகை இறக்கி ஆறவிட்டால் இறுகுகிறது. திரும்ப லேசாகச் சூடு காட்டினால் இளகுகிறது. பதம் எடுத்த பாகு எண்ணெய் மாதிரிதான் நடக்கிறது. கம்பிப் பதம் என்று பெயர் வாங்கிய பாகு ஆறினாலும் கம்பிப் பதப் பாகுதான். அதேபோல் 40 என்ற பெயர் 100 டிகிரியில் வைத்துப் பார்த்த பெயர். பதம் என்பதே இன்ன சூட்டில், இன்ன முறையில் பார்த்தது என்பதை உள்ளே வைத்திருக்கும் சொல். 'பாகுநிலை எண்' அதைச் சொல்லுமா?

தண்பதத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குறள் பொருள் விஷயத்தில் அம்மா சொன்னது சரி.

செந்தூலிலிருந்து, ஞாயிறு வகுப்பு நடத்துபவர்

வியாழன் இரவு ஆகிவிட்டது. பதம் பக்கம் நான்கு பேர், பாகுநிலை எண் பக்கம் இரண்டு பேர், 'உயவுநெய்' கேட்டவர் ஒருவர். நாளை அச்சுக்குப் போவது இதுதான்:

எஸ்ஏஇ எண்ணுக்குப் 'பதம்'. முதல் முறை வரும்போது மட்டும் 'பதம், அதாவது எண்ணெயின் கெட்டி, பாடநூலில் பாகுநிலை, மலாயில் கெலிக்காத்தான்' என்று விளக்குகிறேன். மல்ட்டிகிரேட் இருபத எண்ணெய். டபிள்யூ அப்படியே, 'குளிர் எண்' என்ற விளக்கத்தோடு. ஏபிஐ எழுத்துக்குத் தரம், ஜாசோவுக்குப் பிடிமானம். எண்ணெய், கிளட்ச் இரண்டும் மாறவில்லை; பிறை அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'உயர்ந்த தரமுள்ள எண்ணெய்' என்ற வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பதம் வண்டியின் கையேட்டில் சொன்னபடி. தரம் கையேட்டில் உள்ளதோ அதற்குப் பிந்தியதோ. பிடிமானம் எம்ஏ அல்லது எம்ஏ2. எரிபொருள் சிக்கனம் என்று பொறித்த கார் எண்ணெய் வேண்டாம்.' சூட்டில் எண்ணெய் கெட்டிப்படாது என்பதைக் கட்டம் கட்டிப் போடுகிறேன் அக்கா.

ஜார்ஜ் டவுனிலிருந்து, வேதியியல் ஆசிரியை

கட்டம் கட்டியதற்கு நன்றி தம்பி. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் கட்டம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதே அந்தச் சொல்மேல் எனக்குள்ள குறை. அச்சுக்குப் போகட்டும். வகுப்பு முடிந்ததும் பையன்களிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: 10டபிள்யூ-40 எண்ணெய் காலையில் வண்டியைக் கிளப்பும்போது கெட்டியா, ஓடிச் சூடான பிறகு கெட்டியா? பத்துப் பேரில் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மறுபதிப்பின்போது மறுபடி பேசுவோம்.