மே மாத மாடி வெயிலுக்கு எந்தச் செடி?

கேள்வி: சென்னை, நாள் முழுக்க வெயில் விழும் மொட்டை மாடி. 12 அங்குல க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) பத்து இருக்கு. தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுது. வேறென்ன வைக்கலாம்?

பதில் 1: இரவுச் சூடு 24 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் மகரந்தம் கெடும், பூ நிற்காது. உரம் போட்டுப் பயனில்லை. இப்போதைக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. வெண்டைக்கு ஆணிவேர், பிடுங்கி நடாமல் பையிலேயே விதையுங்க, பைக்கு ஒரு செடி.

பதில் 2: பையில் வெறும் மண் போட்டால் பாரம், இறுகியும் போகும். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சம அளவு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட்டை இரண்டு முறை அலசுங்க. உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும்.

பதில் 3: பையைச் செங்கல் மேல் வைங்க. தரையோடு ஒட்டினால் துளை அடைத்து வேர் அழுகும், தளத்திலும் ஈரம் இறங்கும்.