பிரிண்டர் வழியாகக் கணினிக்கு இணையம் எடுக்க முடியுமா? உதவி தேவை

உப்புவெளி வாசகி:

வணக்கம். எங்களுடையது உப்புவெளியில், கடற்கரைக்கு அண்மையில் உள்ள பழைய கல்வீடு. ரௌட்டர் விறாந்தையை ஒட்டிய முன் அறையில் இருக்கிறது; மேசைக் கணினி பின் அறையில் இருக்கிறது; இடையில் இரண்டு தடித்த சுவர்கள். கணினியில் வைஃபை வசதி இல்லாததால் சிறிய டொங்கிள் ஒன்றைச் செருகிப் பாவிக்கிறோம். மகள் உயர்தரத்திற்குப் படிப்பதால், கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கி அச்சிடுவதற்காகப் போன மாதம் வைஃபை உள்ள பிரிண்டர் ஒன்றை வாங்கி நடு அறையில் வைத்தோம்.

பிரிண்டரை ரௌட்டரோடும் இணைக்கலாம், கணினியை நேரே பிரிண்டரோடும் இணைக்கலாம் என்று வாங்கிய கடையில் சொன்னார்கள். அப்படியானால் ரௌட்டரிலிருந்து பிரிண்டருக்கும் பிரிண்டரிலிருந்து கணினிக்கும் இணையம் வந்து சேரும் என்று நான் விளங்கிக்கொண்டேன். கணினியின் வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டு இணைப்பு ஒரே ஒரு கோட்டுடன் தெரிகிறது. 'டைரக்ட்' என்று தொடங்கும் பிரிண்டரின் பெயரோ முழுக் கோடுகளுடன் தெரிகிறது. பிரிண்டரின் திரையில் காட்டிய கடவுச்சொல்லைக் கொடுத்து அதில் இணைந்தால் அச்சு உடனே வருகிறது, ஆனால் 'இணையம் இல்லை' என்று காட்டுகிறது. வீட்டு இணைப்புக்கு மாறினால் பக்கங்கள் மெதுவாகத் திறக்கின்றன, அச்சு வருவதில்லை. ஒரு வினாத்தாளை எடுத்து முடிப்பதற்குள் நாலைந்து தடவை மாற்ற வேண்டியிருப்பதால் மகளின் படிப்பு நேரம் வீணாகிறது. பிரிண்டர் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும்படி செய்ய ஏதாவது அமைப்பு உண்டா?

பாலையூற்றுத் திருத்துநர்:

வணக்கம் அக்கா. அப்படியொரு அமைப்பு வீட்டுப் பிரிண்டர்களில் இல்லை. ஆகவே நீங்கள் எதையும் பிழையாகச் செய்துவிடவில்லை. உங்கள் பிரிண்டரும் பழுதில்லை. 'டைரக்ட்' என்று தெரிவது வைஃபை டைரக்ட் எனப்படும் வசதி. ரௌட்டர் இல்லாத இடத்திலும் கைத்தொலைபேசியோ கணினியோ நேரே வந்து ஆவணத்தைக் கொடுப்பதற்காகப் பிரிண்டர் தானே ஒரு சிறிய வலையமைப்பை உண்டாக்குகிறது. அதே நேரத்தில் பிரிண்டர் ரௌட்டரோடு இணைந்திருந்தாலும், ஒரு பக்கத்தில் வரும் தரவை மறுபக்கத்துக்குக் கடத்தும் வேலை அதற்குப் பழக்கப்படவில்லை. தபாற்கந்தோர் ஊருக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அனுப்புகிறது. வீடு தன் விலாசத்துக்கு வரும் கடிதத்தை மாத்திரம் வாங்குகிறது. உங்கள் ரௌட்டர் தபாற்கந்தோர், பிரிண்டர் வீடு.

உறுதிப்படுத்துவதற்கு, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தை (Command Prompt) திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுத்து, இரண்டு இணைப்புகளிலும் கணினிக்குக் கிடைக்கும் ஐ.பி. முகவரியையும் (வலையமைப்பில் கருவியை அடையாளங்காட்டும் எண்), டீஃபோல்ட் கேட்வே என்ற வரியில் உள்ளதையும் எழுதுங்கள்.

மட்டிக்களி ஆசிரியர்:

எங்கள் அலுவலகத்துப் பிரிண்டரின் பின்புறத்தில் லான் கேபிள் செருகும் துளை இருக்கிறது. சகோதரியின் பிரிண்டரிலும் இருந்தால், அங்கிருந்து கணினிக்குக் கேபிள் இழுத்தால் சரிவராதா?

பாலையூற்றுத் திருத்துநர்:

சரிவராது ஐயா. அந்தத் துளை பிரிண்டர் வலையமைப்பில் சேர்வதற்கான வாசல் மட்டுமே; ரௌட்டரின் பின்புறத் துளைகளைப் போல வேறொரு கருவிக்கு இணைப்பைப் பகிர்வதில்லை. பல மாதிரிகளில் அதில் கேபிளைச் செருகியதும் பிரிண்டரின் வைஃபை தானாகவே நின்றுவிடும்.

உப்புவெளி வாசகி:

தம்பி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பிரிண்டரில் இணைந்திருக்கும்போது முகவரி 192.168.223 என்று தொடங்குகிறது. கேட்வே வரி வெறுமையாக இருக்கிறது. வீட்டு இணைப்பில் 192.168.1 என்று தொடங்குகிறது, கேட்வே 192.168.1.1.

பாலையூற்றுத் திருத்துநர்:

உங்கள் கேள்விக்கான விடை அந்த வெறுமையான வரியில் இருக்கிறது அக்கா. கேட்வே என்பது வீட்டு வலையமைப்பிலிருந்து வெளியுலகத்துக்குப் போகும் வாயில். பிரிண்டரின் வலையமைப்பில் வாயிலே இல்லை. முகவரியின் மூன்றாவது எண் ஒன்றில் 223 ஆகவும் மற்றதில் 1 ஆகவும் வேறுபடுவதால் இவை இரண்டும் தனித்தனி வலையமைப்புகள் என்பதும் தெரிகிறது. உங்கள் டொங்கிள் ஒரு நேரத்தில் ஒன்றில் மாத்திரம் இருக்கிறது.

எனவே பிரிண்டரையும் கணினியையும் ஒரே ரௌட்டரில் சேர்த்துவிடுங்கள். பிரிண்டரின் திரையில் வயர்லெஸ் அமைப்புக்குள் சென்று வீட்டு வைஃபையைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லைக் கொடுங்கள். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ஆகையால் உங்கள் ரௌட்டர் இரண்டு பெயர்களைக் காட்டினால் கடைசியில் 5 அல்லது 5G என்று இல்லாத பெயரை எடுங்கள். விருந்தினர் வைஃபையில் சேர்க்க வேண்டாம். அது கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது. பிறகு கணினியில் 'டைரக்ட்' பெயரை மறக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் அது பலமாகத் தெரியும்போதெல்லாம் கணினி அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

இனி, ஒரு கோட்டுச் சிக்கல். டொங்கிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது?

உப்புவெளி வாசகி:

மேசைக்குக் கீழே, கணினிப் பெட்டியின் பின்புறத்தில், நீல நிறத் துளையில். இப்போது கழற்றிப் பார்த்தேன். அதன் உலோக வாய் ஓரத்தில் மண்ணிறமாகத் துருப் பிடித்திருக்கிறது.

பாலையூற்றுத் திருத்துநர்:

கடற்காற்று படும் வீடுகளில் இது வழக்கம். திருகோணமலையில் என்னிடம் திருத்த வரும் கருவிகள் பலவற்றில் முதலில் உப்புத் துருவைத்தான் துடைக்கிறேன். கணினியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் டொங்கிளின் வாயை மெதுவாகத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். நீலத் துளை யூ.எஸ்.பி. 3.0, அதில் வேகமான தரவு ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும். கறுப்புத் துளையில் ஒரு யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயரைச் செருகி, அதன் முனையில் டொங்கிளை வைத்து, இரும்புப் பெட்டியின் மறைவிலிருந்து மேசைக்கு மேலே, வாசல் பக்கமாகக் கொண்டுவாருங்கள். வயர் 5 மீற்றரைத் தாண்டக்கூடாது. 2 மீற்றர் தாராளம்.

உப்புவெளி வாசகி:

எல்லாவற்றையும் செய்தேன். டொங்கிளை மேசைக்கு மேல் தட்டில் வைத்ததும் மூன்று கோடுகள் காட்டுகின்றன. பக்கங்கள் உடனே திறக்கின்றன. பிரிண்டரும் வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டது. ஆனால் அச்சிடக் கொடுத்தால் பிரிண்டர் 'ஓஃப்லைன்' என்கிறது. இவ்வளவு தூரம் வந்து இதில் நிற்கிறேன், மனம் சோர்கிறது.

பாலையூற்றுத் திருத்துநர்:

சோர வேண்டாம் அக்கா, இது கடைசிப் படி. பிரிண்டரை முதலில் வைஃபை டைரக்ட் வழியாகச் சேர்த்ததால், கணினி இன்னமும் பழைய 223 முகவரியிலேயே அதைத் தேடுகிறது. விண்டோஸ் அமைப்புகளில் பிரிண்டர்கள் பகுதிக்குச் சென்று, அந்தப் பிரிண்டரை நீக்கிவிட்டு, புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள், இப்போது 192.168.1 முகவரியில் கண்டுபிடிக்கும். ரௌட்டர் நாளைக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிட்டால் இதே சிக்கல் திரும்பி வரலாம். ஆகையால் ரௌட்டரின் அமைப்புகளில், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பகுதியில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுவது நல்லது.

பின்னொரு நாளில் வசதிப்பட்டால், ரௌட்டரிலிருந்து கணினிக்கு லான் கேபிளே இழுத்துவிடுங்கள். கட் 5ஈ (Cat 5e) வகை லான் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். உங்கள் வீட்டுக்கு 20 மீற்றர் போதும். அப்போது சுவர்கள் ஒரு பொருட்டே அல்ல. பிரிண்டர் வைஃபையிலேயே இருந்தாலும் ரௌட்டர் வழியாக அச்சு வரும். கேபிளைத் தாழ்வாரத்துக்கு வெளியால் கொண்டுபோகாமல் சீலிங்கின் உள்ளால் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இடிக்கும் இடிக்கு, வெளியில் ஓடிய கேபிளால் ரௌட்டரும் கணினியும் ஒன்றாக எரிந்து என்னிடம் வந்திருக்கின்றன.

உப்புவெளி வாசகி:

பிரிண்டரை நீக்கிச் சேர்த்ததும் வந்துவிட்டது தம்பி. இரசாயனவியல் வினாத்தாள் ஒன்றை மகள் தரவிறக்கிய கையோடு, எந்த இணைப்பையும் மாற்றாமல், எட்டுப் பக்கங்களும் அச்சாகின. முகவரியையும் ஒதுக்கிவிட்டேன். இனி அந்த வைஃபை டைரக்ட் திறந்திருக்கத் தேவையா?

பாலையூற்றுத் திருத்துநர்:

தேவையில்லை அக்கா. பிரிண்டரின் வயர்லெஸ் பட்டியலிலேயே அதை அணைக்கலாம். வீட்டு வைஃபை அணையாது. அக்கம்பக்கத்தில் யாரும் உங்கள் பிரிண்டரில் இணைய முயலவும் மாட்டார்கள்.

உப்புவெளி வாசகி:

அணைத்துவிட்டேன். பட்டியலில் அந்தப் பெயர் இப்போது தெரியவில்லை; அச்சு வழமைபோல வருகிறது. மிக்க நன்றி.