பினாங்கு ஈ அண்ட் ஓ ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?

வணக்கம் நண்பர்களே. ஜார்ஜ் டவுன் கடலோரத்தில் இருக்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலின் வரலாற்றைத் திரட்டி வருகிறேன். 1885இல் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கியது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ், ரங்கூன் ஸ்ட்ராண்ட் ஹோட்டல்கள் எல்லாம் அவர்கள் நடத்தியவைதான். 1931இல் அவர்களில் ஒருவரான அர்ஷாக் சார்க்கீஸ் இறந்தார். அதே ஆண்டு நிறுவனமும் திவாலானது. இதெல்லாம் கிடைத்துவிட்டது, முதலாளிகளைப் பற்றி எழுத ஆளுக்கா பஞ்சம்! சமையற்கட்டு, சலவை, தோட்டம் என்று உழைத்தவர்களைப் பற்றித்தான் ஒன்றும் அகப்படவில்லை.

1996இல் புதுப்பிக்க மூடுவதற்கு முன் உங்கள் தாத்தாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்திருந்தால் சொல்லுங்கள். பழைய படம், சம்பளச் சீட்டு, எதுவானாலும் சரி. கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும், அசல் உங்களிடமே இருக்கட்டும்.