கேரவனில் குளிர்காலம்: ஈரம், சுண்ணாம்புப் பூச்சு பற்றி ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே. பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்தில் கருங்கல்லால் கட்டிய பழைய பண்ணைவீடு ஒன்றை வாங்கி, அதைத் திருத்தி முடிக்கும்வரை முற்றத்தில் நிறுத்திய 4 மீட்டர் கேரவனில் நானும் மனைவியும் மே மாதத்திலிருந்து வசித்து வருகிறோம். கோடை சுகமாகத்தான் கழிந்தது. ஒக்டோபர் பிறந்ததும் நிலைமை மாறிவிட்டது.

காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை நனைந்திருக்கிறது, மூலையில் கறுப்புப் பூஞ்சணம் படர்கிறது. நாங்கள் விடும் மூச்சும் சோறு வடிக்கும்போது எழும் ஆவியும் மெல்லிய அலுமினியச் சுவரில் பட்டு நீராகின்றன என்பது புரிகிறது. ஆனால் கூரைச் சாளரத்தைத் திறந்தால் குளிர் தாங்க முடியவில்லை. மெத்தைக்குக் கீழே மரச்சட்டம் அடித்துக் காற்றோட்டம் ஏற்படுத்தியவர்கள் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? (எரிவாயு உருளையில் வரும் பியூட்டேன் 0 பாகை செல்சியஸை நெருங்கும்போது ஆவியாக மறுப்பதால், கொதிநிலை −42 பாகையாக உள்ள புரோப்பேனுக்கு மாறிவிட்டேன், கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கான எச்சரிக்கைக் கருவியும் மாட்டியாயிற்று.)

அடுத்தது வீட்டுச் சுவர். முன்பு யாரோ சீமெந்து பூசியதால் கல்லுக்குள் ஈரம் அடைபட்டு, அடிப்பகுதி உப்புப் பூத்து உதிர்கிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச எண்ணியுள்ளேன். ஊரில் அம்மப்பாவின் வீட்டுச் சுவரும் சுண்ணாம்புதான். அப்போது அதன் அருமை தெரியவில்லை. 5 பாகைக்குக் கீழே சுண்ணாம்புக் கலவை சரியாக இறுகாது என்பதால், உறைபனிக்கு முன் படுக்கையறையை மட்டுமாவது பூசி முடிப்பதா, அல்லது சுவரை வெறுமனே காயவிட்டு வசந்தத்தில் தொடங்குவதா என்று அனுபவப்பட்டவர்கள் அறியத் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.