புதுப்பிப்பு: எஸ்டியின் புஷ் பொருந்திவிட்டது

மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் உருவான அப்பாவின் எஸ்டி 250 மோட்டார் சைக்கிளுக்காக, கனெக்டிங் ராடின் (பிஸ்டனின் அசைவை எஞ்சினின் சுழல் தண்டுக்குக் கடத்தும் கம்பி) மேல்முனைப் புஷ்ஷை (துளைக்குள் பொருந்தும் உலோக வளையம்) வீட்டு லேத்தில் நானே கடைந்து பொருத்தியும் பிஸ்டனை அந்த ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின் அதனுள் நுழைய மறுப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. இறுக்கி ஏற்றும்போது புஷ்ஷின் உள்விட்டம் சுருங்கும் என்பதை எண்ணாமல், முன்கூட்டியே இறுதி அளவுக்குக் கடைந்திருந்தேன்.

இம்முறை பெங்களூரு எஸ்.பி. சாலையில் வாங்கிய பாஸ்பர் வெண்கலத்தில் உள்விட்டத்தை 0.1 மி.மீ. குறைவாக விட்டு, வைஸ் என்ற பிடிகருவியில் வைத்து அழுத்தி ஏற்றி, எண்ணெய்த் துளையையும் போட்ட பிறகே, துளையை நுணுக்கமாகச் சீவி அகலப்படுத்தும் ரீமரைக் கையால் மெல்லச் சுழற்றி அளவுக்குக் கொண்டுவந்தேன். ரீமரைப் பின்னோக்கிச் சுழற்றவே கூடாது, வெட்டுமுனை மழுங்கிவிடும். எண்ணெய் தடவிய பிஸ்டன் பின் இப்போது கட்டைவிரல் அழுத்தத்திலேயே வழுக்கிச் செல்கிறது. ஆட்டம் துளியும் இல்லை.

நேற்று மாலை எங்கள் பானசவாடித் தெருவில், தட்டல் ஓசை ஏதுமின்றி இரட்டைப் புகைக்குழாயின் பழைய சத்தம் எழுந்தபோது, அப்பா வாசலுக்கே வந்து நின்றார்.